வரைபடக்காரர்கள் எங்கே கூடுவது: கிண்டியிலா, தண்டையார்பேட்டையிலா?

இரண்டு நாள் வரைபடச் சந்திப்பு ஒன்றை நடத்துவது என்று எங்கள் குழு முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிறது. எங்கே நடத்துவது என்பதில் மட்டும் மூன்று முறை உட்கார்ந்து பேசியும் முடிவு வரவில்லை. சர்வேயர்கள், ஜி.ஐ.எஸ். (கணினியில் இடத்தகவல் வரைபடம்) வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஆசைக்காக வரைகிறவர்கள் என்று எண்பது பேர் வரை வருவார்கள். எல்லோரும் போட்ட பணம் ஒரு சந்திப்புக்குத்தான் காணும். தப்பான இடத்தில் நடத்திவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி வசூல் செய்ய முகம் இருக்காது.

நான் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். நில அளவையும் ஜி.ஐ.எஸ்.ஸும்தான் பிழைப்பு. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் மறுபக்கத்து நியாயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் குழுக்களுக்கும் இது உதவலாம்.

சீக்கிரம் தள்ளிவிடக்கூடிய யோசனையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாமே நடத்த வேண்டாம், அந்தப் பணத்தில் மூன்று பேரைப் பெரிய மாநாடு ஒன்றுக்கு அனுப்பலாம் என்றார் ஒரு நண்பர். 2022 அக்டோபரில் ஐ.நா.வின் உலகப் புவிசார் தகவல் மாநாடு ஹைதராபாத்திலேயே நடந்தது. 2007இல் மான்செஸ்டரில் தொடங்கிய ‘ஸ்டேட் ஆஃப் தி மேப்’ என்ற ஓபன் ஸ்ட்ரீட் மேப்காரர்களின் உலகச் சந்திப்பின் ஆசியப் பதிப்பு 2018இல் பெங்களூருவுக்கு வந்தது. அப்படி ஒரு இடத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் தொழிலில் கண் திறக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் திறப்பது மூன்று பேர் கண்தான். அங்கே பேசுவதில் பெரும்பகுதி வீடியோவாகவும் வந்துவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது எண்பது பேர் கை பழகும் வேலை.

ஆன்லைனில் நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. 2020இல் கொரோனா காலத்தில் ஸ்டேட் ஆஃப் தி மேப்பே அப்படித்தான் நடந்தது. செலவே இல்லை, தூத்துக்குடியில் இருப்பவரும் சேரலாம். வெளியூர்ப் பேச்சாளர்களை இரண்டு மணி நேரம் அப்படித் திரையில் கொண்டுவருவது நல்லதுதான், அதை வைத்துக்கொள்வோம். முழுச் சந்திப்பையும் அப்படி நடத்தினால் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளைத் திறக்கத் தடுமாறும் முதல் வருஷ மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக் காட்ட ஆள் இருக்காது.

ஆக உண்மையான போட்டி இரண்டு இடங்களுக்கு நடுவில். ஒன்று தென்சென்னையில், கிண்டி சுற்றுவட்டாரத்தில் ஏ.சி. அரங்கு. இன்னொன்று வடசென்னை.

கிண்டிக்காகப் பேசியவர்கள் சொன்னதில் கனமான வாதங்கள் இருக்கின்றன. இந்தத் தொழிலுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் தெற்கில், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம்தான் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மேனேஜர் அரை நாள் லீவு போட்டுக் கிண்டிக்கு வருவார், தண்டையார்பேட்டைக்கு வருவாரா? ஸ்பான்சர் கிடைப்பதும் அங்கேதான் சுலபம். மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பேச்சு அமைய வேண்டுமென்றால் அந்த மேனேஜர்கள் வந்துதான் ஆக வேண்டும். இதை நான் சும்மா ஒதுக்கிவிட மாட்டேன். வடசென்னைப் பிள்ளைகளுக்கே அந்த வேலைகள் தேவை.

வரலாறும் அந்தப் பக்கம்தான் என்றார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி போட்டு, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, முழு அளவைக்கும் ஆதாரமான அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் புறப்பட்டது. கிண்டி பொறியியல் கல்லூரியின் மூலமும் ஒரு சர்வே பள்ளிதான். எல்லாம் சரி. ஆனால் அந்த சர்வே பள்ளி 1794இல் ஆரம்பித்தது புனித ஜார்ஜ் கோட்டையில். கிண்டி வளாகத்துக்கு அது போனது 1920இல். கோட்டை இருப்பதோ எங்கள் வடசென்னை மண்ணடிக்குப் பக்கம். வரலாற்றைக் காட்டித்தான் இடம் பிடிக்க வேண்டுமென்றால் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் அந்த வாதத்தை நம்பி நிற்கவில்லை. நான் நிற்பது போன வருஷம் நடந்த ஒன்றின் மேல்.

போன வருஷம் நகரத்தின் தென்பகுதியில் ஓர் அரங்கில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. நடத்தியது வேறு குழு, நாங்கள் கலந்துகொண்டோம். மதியம் எல்லோருக்கும் வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டுச் செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்து, கட்டடங்களை வரையச் சொன்னார்கள். நாற்பது பேர் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் ஏகப்பட்ட கட்டடங்களை ஏற்றினார்கள். கைதட்டலோடு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வரைபடத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் நடந்தேன். வரிசையாக நீளமான கட்டடங்கள் என்று வரைந்திருந்த இடத்தில் நின்றால், எதிரில் நீலமும் பச்சையுமாக வலைகள். வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போனைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா தம்பி, இத்த போய் வூடுன்னு போட்டுக்கிறீங்க? வலை காய வைக்கிற எடம்பா இது. நாளைக்கு வந்தா இங்க ஒண்ணும் இருக்காது.” அவர் சொன்ன மாதிரியே, மேலேயிருந்து பார்த்தால் வலைக் குவியலுக்கும் தகரக் கூரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கு அழித்தவை மட்டும் பதினேழு. அந்தப் பயிற்சியில் வரைந்தவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்களில் பாதிப் பேர் காசிமேட்டைப் பார்த்ததே இல்லை.

வரைபடச் சந்திப்பை ஏ.சி. அரங்குக்குள் நடத்துவதில் எனக்கிருக்கும் பயம் இதுதான். வடசென்னையைத் திரையில் பார்த்து வரைவார்கள், வரைந்ததைச் சரிபார்க்க யாரும் பாலம் தாண்டி வரமாட்டார்கள். தெற்குப் பக்கத்துத் தெருக்களில் கடைகள், ஏ.டி.எம்., பஸ் ஸ்டாப் வரைக்கும் பதிவாகியிருக்கிறது. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நான் திருத்தப் போன சந்துகளில் பாதிக்குப் பெயரே இல்லை.

தமிழ்ப் பெயரென்றால் இன்னும் மோசம். மென்பொருள் ஆங்கிலத்திலிருந்து எழுத்து மாற்றி ‘டோண்டியார்பெட்’, ‘ஓல்ட் வாஷர்மென்பெட்’ என்று போட்டு வைத்திருந்ததை நானே பலமுறை தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று மாற்றியிருக்கிறேன். ஊர்ப்பெயரையாவது வீட்டிலிருந்தே திருத்திவிடலாம். ஒரு குப்பத்துக்குள் இருக்கும் நான்காவது சந்தை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கே போய்க் கேட்டால்தான் தெரியும்.

பெயர் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்டார் ஒருவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் மேல் குறித்தார்கள். தெரு வரைபடத்தில் இருந்தால்தான் குறிக்க முடியும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெரிய மழைக்கெல்லாம் நிரம்புகிற இடம், அது எல்லோருக்கும் தெரியும். அது நிரம்பினால் சுற்றிப் போக எந்தச் சந்தில் பைக் போகும், எதில் ஆட்டோ போகும் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் அப்படித்தான். கூட்ஸ் வண்டி வந்துவிட்டால் வரைபடம் காட்டும் நேரத்துக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

தூரம் என்ற வாதத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி வரைக்கும் இது பெரிய வாதம்தான். அந்த மாதம் 14ஆம் தேதி மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. இப்போது விமான நிலையத்தில் ஏறினாலும் கிண்டியில் ஏறினாலும் நீல வழித்தடத்தில் மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். சென்ட்ரலில் இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அங்கிருந்து ஐந்தாவது ஸ்டேஷன். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை அதிகாரிகளுக்கும் எழும்பூர் சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அதிகாரிகளுக்கும் கிண்டியைவிட நாங்கள்தான் பக்கம். ஓ.எம்.ஆர். ஆட்களுக்கு மட்டும் உண்மையிலேயே சிரமம். அவர்களுக்காக வேலைவாய்ப்புப் பேச்சை இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு வைத்து, அதற்கு மட்டும் வந்து போகச் சொல்லலாம். வர முடியாதவர் திரையில் பேசட்டும்.

வடசென்னை என்று முடிவானால் அடுத்த கேள்வி, எந்த இடம் என்பது. கல்லூரியா, கல்யாண மண்டபமா?

கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் இருக்கும், மாணவர்கள் அங்கேயே இருப்பார்கள், வாடகை குறைவு. ஆனால் வெளி ஆட்கள் எண்பது பேர் வர அனுமதி வாங்கி முடிப்பதற்குள் தேதி தள்ளிப்போகும். லேப் கம்ப்யூட்டர்களில் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பைத் திருத்தும் ஜே.ஓ.எஸ்.எம். மென்பொருளையும் க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸையும் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அதை வைத்திருப்பவர் அன்றைக்கு லீவில் இருப்பார். இது எனக்கு ஒரு முறை நடந்தது. இரண்டு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தோம்.

மண்டபத்தில் எனக்குப் பிடித்தது மேடையுள்ள ஹால் அல்ல, சாப்பாட்டுக் கூடம். நீள நீளமான மேஜைகள் வரிசையாக இருக்கும். பந்தி விரிப்பு பேப்பர் ரோலை உருட்டிவிட்டு, அதன் மேல் ஏ3 அளவில் அச்சடித்த தெரு வரைபடங்களைப் பரப்பினால், எதிரெதிரே உட்கார்ந்து எட்டுப் பேர் ஒரே பகுதியில் வேலை செய்யலாம். களத்தில் பேனாவால் குறித்துக்கொண்டு வந்ததைப் பக்கத்தில் வைத்தே லேப்டாப்பில் ஏற்றலாம். கல்லூரி லேபில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கும், பேச்சே இருக்காது. மண்டபத்தின் குறை மின்சாரம். பிளக் பாயிண்ட் எல்லாம் மேடைப் பக்கமும் கிரைண்டர் ஓடும் இடத்திலும்தான் இருக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றோ இரண்டோ. எலக்ட்ரீஷியன் ஒருவரை முதல் நாளே வரவழைத்து லைன் இழுக்க வேண்டும், அந்தச் செலவை வாடகையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இணையத்தை நான் பெரிய பிரச்சினையாக நினைக்கவில்லை. ஜே.ஓ.எஸ்.எம்.மில் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்து, கடைசியில் ஏற்றினால் போதும்.

இடத்தோடு சேர்ந்தே தேதியும் முடிவாகிறது. முகூர்த்த மாதங்களில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மண்டபம் காலியாக இருப்பது ஆடியிலும் மார்கழியிலும். ஆடியில் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், ஸ்பீக்கர் கட்டுவார்கள். அந்தச் சமயத்தில் யாரிடமும் நின்று தெருப் பெயர் கேட்க முடியாது, அவர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. மீனவர்களோடு பேச ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒருவர் சொன்னார். அது நல்ல யோசனை, ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் எண்பது பேரைத் தெருவில் நடக்க வைப்பது பாவம். ஆகவே பெரிய சந்திப்பை மார்கழியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், ஜனவரி முதல் சனி ஞாயிறில் வைப்போம். தடைக்காலத்தில் ஒரு மாலை, பத்துப் பேர் மட்டும் போய், விசைப்படகுக்காரர்களோடு உட்கார்ந்து, கடற்கரையில் அவர்கள் அடையாளமாகச் சொல்லும் இடங்களின் பெயர்களை எழுதிக்கொள்வோம். அவர்களுடைய ஜி.பி.எஸ். பாயிண்டுகளை நாம் கேட்காமல் இருப்பது மரியாதை. மீன் கிடைக்கும் இடம் அவர்கள் சொத்து.

சனிக்கிழமையே களநடை, ஞாயிறு வேண்டாம். ஞாயிறு விடிகாலையில் காசிமேட்டு ஏலத்துக்கு ஊரே வந்து நிற்கும், கையில் பேப்பர் வைத்துக்கொண்டு நிற்க இடம் கிடைக்காது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தொடங்கி, கல்மண்டபம் வழியாகக் காசிமேடு வரை நடக்கலாம் என்பது என் திட்டம். ஆளுக்கொரு தெரு இல்லை, இரண்டு பேருக்கு ஒரு தெரு. ஒருவர் அந்த ஏரியாக்காரராக இருக்க வேண்டும். நெருக்கமான சந்துகளில் போன் ஜி.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். இரண்டு பக்கச் சுவரிலும் சிக்னல் பட்டுத் திரும்புவதால் நீங்கள் நிற்கும் இடம் பக்கத்துத் தெருவில் காட்டும். சந்து முனையிலிருந்து அடி எண்ணிக் குறிப்பது இன்னும் துல்லியமாக வரும். பழைய சர்வேயர்கள் ஆஃப்செட் எடுத்த முறையே, அதாவது தெரிந்த கோட்டிலிருந்து பக்கவாட்டில் தூரம் அளந்து குறிப்பதே, இங்கே கைகொடுக்கும். டி.எஸ். எண்ணும் (நகர நில அளவை எண்) பிளாக் மேப்பும் பார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற சர்வேயர் இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் நடந்தால் மாணவர்கள் ஒரு செமஸ்டர் கற்றுக்கொள்வார்கள்.

களநடைக்கு எண்ணூரை வைக்கலாமே என்ற கேள்வியும் உண்டு. மனசுக்குள் எனக்கும் எண்ணூர்தான் பெரிசு. வரைபடம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பாடம் கிடையாது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பிற்பாடு அந்தக் கழிமுகமே இல்லாத இன்னொரு வரைபடம் அரசுத் தரப்பிலிருந்து வெளிவந்து, 2017இல் செய்தியானது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் இடம் தாளில் இல்லாமல் போனால், அதை நிரப்புகிறவனைக் கேள்வி கேட்க அங்கிருக்கும் மீனவருக்கு ஆதாரம் இல்லாமல் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தபோது, எந்தக் குப்பத்தில் எத்தனை படகு, எத்தனை வலை பாழானது என்பதை ஒரே வரைபடத்தில் காட்ட முடிந்திருந்தால் அந்த மக்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனாலும் முதல் தடவை வருகிற அறுபது எழுபது பேரை அங்கே கூட்டிக்கொண்டு போவது சரியில்லை. இடம் பரந்தது, நிழல் கிடையாது, படகு வேண்டும். அந்த மக்கள் ஏற்கெனவே நிறைய பேருக்குப் பேட்டி கொடுத்து அலுத்தவர்கள். இரண்டாம் நாள், அனுபவமுள்ள ஆறேழு பேர் மட்டும், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, முகத்துவாரக்குப்பம் பக்கம் போய் வரட்டும். மதியம் மண்டபத்துக்குத் திரும்பி, பார்த்ததை எல்லோருக்கும் சொல்லட்டும்.

இரண்டு எச்சரிக்கை. 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதற்காகத் துறைமுக மதில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் பக்கம் போய் போட்டோ எடுக்கக் கூடாது. செக்யூரிட்டி பிடித்தால் நாள் முழுக்க ஸ்டேஷனில்தான். ட்ரோன் காட்டுவோம் என்று போஸ்டரில் போடவும் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பரப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரைபடத்தைப் பார்த்து, எழுத்தில் அனுமதி கையில் வந்த பிறகு பேசுவோம்.

என் ஓட்டு தண்டையார்பேட்டை மண்டபத்துக்கு. கிண்டியில் நடத்தினால் ஸ்பான்சர் பணம் கூடுதலாக வரும், சாப்பாடு நன்றாக இருக்கும், போட்டோ அழகாக வரும். இங்கே நடத்தினால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஐம்பது தெருக்களுக்காவது சரியான தமிழ்ப் பெயர் ஏறியிருக்கும், அதைச் சொன்னவர்களும் வரைந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். ஸ்பான்சர் குறைவதால் விழும் துண்டை மதியச் சாப்பாட்டில் ஈடுகட்டலாம். பிரிஞ்சி, தயிர்சாதம், உருளைக்கிழங்கு பொரியல் போதும். காசிமேட்டு மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று செய்து தர விலை சொல்லியிருக்கிறது, கேட்டரிங்கைவிடக் குறைவு.

மண்டபத்துக்காரர் முன்பணத்துக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார். வியாழன் மாலை ஆறரைக்கு வழக்கமான டீக்கடையில் கூடுவோம். கிண்டிதான் சரி என்று இன்னும் நினைப்பவர்கள் அன்று காலை என்னோடு வாருங்கள், வலை காயும் அந்த இடத்தைக் காட்டுகிறேன். அந்த அக்கா பத்து மணி வரைக்கும் அங்கேதான் இருப்பார்.